முதல்முறை சைக்கோசிஸ் வந்தவர்களுக்கான கடலோரச் சேவை: பலன் இருந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: வலைக்கரை

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட சில கடலோர ஊர்களில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களுக்கிடையே, ஒரு சிறிய அறக்கட்டளையின் சார்பில் மனநலப் பணி செய்து வருகிறோம். முதன்முறையாகச் சைக்கோசிஸ் வந்த இளவயதினரைச் சீக்கிரமே கண்டுபிடித்து, இரண்டு ஆண்டுகள் விடாமல் உடனிருந்து பார்ப்பதுதான் எங்கள் 'தொடக்கநிலைச் சேவை'யின் வேலை. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்பவர்கள், பக்கத்து வீட்டார் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று எதைச் சொன்னாலும் அசையாமல் நம்புகிறவர்கள், பேச்சு கோவையற்றுப் போனவர்கள் ஆகியோரே எங்களிடம் வருகிறார்கள். சமூகப் பணியாளராக நான், உள்ளூர்ப் பெண்கள் இருவர், மாதம் இருமுறை புதன்கிழமை வந்துபோகும் மனநல மருத்துவர் ஒருவர், இவ்வளவுதான் எங்கள் அணி.

இரண்டு ஆண்டுகளில் எங்களிடம் சேர்ந்தவர்கள் 11 பேர். அவர்களில் பெண்கள் 2 பேர். இப்போது நிதி தருகிறவர்கள், திட்டத்தால் விளைந்த பலனை எண்களில் காட்டி அறிக்கை தருமாறு கேட்கிறார்கள். சேரும்போது ஒருமுறையும் ஆறு மாதம் கழித்து ஒருமுறையும் 'பான்ஸ்' அளவுகோலால் அறிகுறிகளை அளந்து வைத்திருக்கிறோம். இரண்டாவது அளவீடு 8 பேருக்கு மட்டுமே இருக்கிறது. அந்த 8 பேரின் சராசரி நன்றாகவே இறங்கியிருக்கிறது.

ஆனால் அந்தச் சராசரியை மட்டும் எழுதி அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுபட்ட மூவரில் ஒருவர் சவூதிக்குப் போய்விட்டார். ஒருவரைக் குடும்பத்தார் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துச் சென்று அங்கேயே தங்கியிருக்கிறார்கள். மூன்றாமவர் வீட்டில் எங்களுக்குக் கதவு திறப்பதில்லை. இத்தகைய சேவையை நேர்மையாக மதிப்பிட எவற்றை அளக்க வேண்டும்? தர்காவுக்குப் போனவரை எங்கள் தோல்வி என்று எழுதுவதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: வைகை மருத்துவர்

உங்கள் மனம் ஒப்பவில்லை என்கிறீர்களே, அந்தத் தயக்கம்தான் இந்த மதிப்பீட்டின் முதல் படி. 8 பேரின் சராசரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது இருந்தவர்களைப் பற்றிய உண்மை மட்டுமே. உங்கள் சேவை எப்படிப்பட்டது என்பதை வராமற்போன மூவரிடமும், வரவே வராதவர்களிடமும்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரவே வராதவர்களிலிருந்து தொடங்குகிறேன். காஞ்சிபுரம் பகுதியில் நடந்த ஆய்வொன்றில், வயது வந்தோர் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 பேருக்குப் புதிதாகச் சைக்கோசிஸ் கண்டறியப்பட்டது. உங்கள் ஒரு லட்சம் மக்களில் வேலை செய்யும் வயதினர் அறுபதாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12, இரண்டு ஆண்டுகளுக்கு 24 பேரை எதிர்பார்க்கலாம். உங்களிடம் வந்தவர்கள் 11 பேர். காஞ்சிபுரத்துக் கணக்கு கடலோரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் உங்கள் கண்ணில் படவே இல்லை என்ற ஐயத்தை எழுப்ப இந்தக் கணக்கு போதும். அந்த 11 பேரிலும் பெண்கள் இருவர் மட்டுமே என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. திருமணப் பேச்சு நின்றுவிடும் என்ற அச்சத்தில் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊர்ப் பணியாளர்கள் இருவரிடமும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, சிகிச்சையின்றிக் கழிந்த காலம். முதல் தெளிவான அறிகுறி தோன்றிய நாளிலிருந்து, முறையான மருந்து தொடங்கிய நாள்வரை எத்தனை வாரங்கள் ஆயின என்பது இது. உங்கள் சேவையின் பெயரிலேயே 'தொடக்கநிலை' என்ற சொல் இருக்கும்போது, இதை அளக்காமல் வேறெதை அளந்தாலும் கணக்கு நிறைவு பெறாது. நார்வேயில் ரோகலாந்து பகுதியில் நடந்த திட்டம் இதற்கு நல்ல சான்று. அங்கே பள்ளிகள், மருத்துவர்கள், செய்தித்தாள்கள் வழியாக மக்களிடம் தொடர்ந்து பேசியதால், இந்தக் காலத்தின் இடைநிலை அளவு (எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் அளவு) 26 வாரங்களிலிருந்து 5 வாரங்களுக்குக் குறைந்தது. பிரசாரத்தை நிறுத்தியதும் அது மீண்டும் 15 வாரங்களுக்கு ஏறிவிட்டது. மருத்துவமனையும் மருத்துவர்களும் முன்போலவே இருந்தார்கள். ஊருக்குள் போய்ப் பேசியது மட்டும்தான் நின்றது. தொடக்கநிலைச் சேவையைச் சோதிக்க அமெரிக்காவில் 34 மையங்களில் 404 பேரிடம் நடந்த ரெய்ஸ் ஆய்விலும், அக்காலத்தின் இடைநிலை அளவான 74 வாரங்களுக்குள் வந்தவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது. நான் மேலே இடைநிலை அளவையே சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் பத்தாண்டுகள் அறைக்குள் கிடந்திருந்தால் அவர் ஒருவரே உங்கள் சராசரியைத் தூக்கிவிடுவார்.

இந்தக் காலத்தைக் குறிப்பது எளிதன்று. தேதி கேட்டால் எந்தத் தாயும் சொல்லமாட்டார். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பா பின்பா, ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் போனபோது பிள்ளை எப்படி இருந்தான், கொரோனா ஊரடங்கின்போது நன்றாக இருந்தானா என்று கேட்டால் நாள் பிடிபடும். சந்தனக்கூட்டை வைத்துக் கேட்பதானால் எந்த ஆண்டுச் சந்தனக்கூடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது பிறைக்கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் நகர்ந்துவிடும். இதைக் கவனிக்காமல் ஒரு பதிவேடு முழுவதையும் நானே ஒருமுறை தப்பாக நிரப்பியிருக்கிறேன்.

பான்ஸ் பற்றி ஒரு சொல். அதில் 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 1. ஆகவே நோயே இல்லாதவருக்கும் 30 வரும். 90 இருந்தவருக்கு 60 ஆனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று எழுதுவது பிழை. 30-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் 60 என்பது 30 ஆகியிருக்கிறது, அதாவது பாதியாகக் குறைந்திருக்கிறது. இந்தப் பிழை உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது என்றாலும் திருத்திவிடுங்கள்.

தர்கா பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனதை இந்த மாவட்டத்தில் பணியாற்றும் எவரும் மறக்க இயலாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது. ஆனால் அந்தத் துயரத்தை வைத்து இன்று தர்காவில் தங்குகிற ஒவ்வொரு குடும்பத்தையும் சிகிச்சைக்கு எதிரானவர்கள் என்று பார்ப்பது தவறு. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக இப்போது அங்கேயே மருந்தும் கிடைக்கிறது. காலையில் மாத்திரை, மாலையில் துவா என்று இரண்டையும் சேர்த்தே நடத்துகிற குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனவே அவர் இருக்கும் இடத்தைக் குறிக்க வேண்டாம். மருந்து தொடர்கிறதா, அவர் கட்டின்றி இருக்கிறாரா, உங்களோடு தொடர்பு இருக்கிறதா என்ற மூன்றையும் குறியுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அவர் உங்கள் சேவையில்தான் இருக்கிறார்.

பதில் 2: பாம்பன் தங்கை

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் இந்த நோய் வந்தது. மேலே மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்தபின் இரண்டு செய்திகளைச் சொல்லத் தோன்றியது.

முதலாவது, நோய் தொடங்கிய நாளைப் பற்றியது. வீட்டில் எங்களைக் கேட்டபோது, அண்ணன் சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிய நாளைத்தான் சொன்னோம். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, படகில் இருந்த வயர்லெஸ் கருவியில் வேறு படகுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லி, கடலில் வைத்தே அதன் வயரைப் பிடுங்கியிருக்கிறார். படகு டிரைவருக்கு அது தெரியும். கூடப் போன மூவருக்கும் தெரியும். பிழைப்புக் கெட்டுவிடும் என்று நினைத்தோ, இலங்கைக் கடற்படை பிடித்துவிடுமோ என்ற பயத்தில் பேசுகிறார் என்று நினைத்தோ, அவர்கள் எங்களிடம் சொல்லவில்லை. ஆகவே எங்கள் வீட்டு ஏட்டில் சிகிச்சையின்றிக் கழிந்த காலம் நான்கு மாதம். படகில் கேட்டிருந்தால் ஒரு வருடம். வீட்டாரிடம் மட்டும் கேட்காதீர்கள். ஆனால் படகில் கேட்பதற்கு முன் அவரிடம் அனுமதி பெறுங்கள். நோய் என்ற சொல் துறைமுகத்துக்குப் போய்விட்டால் பிறகு எவரும் படகில் ஏற்றமாட்டார்கள்.

இரண்டாவது, குணமானதை எதை வைத்துச் சொல்வது என்பது. அண்ணனுக்கு ஆறாவது மாதத்தில் கேள்விகள் கேட்டு, மிகவும் முன்னேறிவிட்டார் என்று சொன்னார்கள். குரல் கேட்பது நின்றிருந்தது உண்மைதான். ஆனால் அவர் நாள் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா எழுப்பினால் எழுவார், விட்டால் படுப்பார். குளிக்கச் சொன்னால் குளிப்பார். எங்களுக்கு அது குணமாகத் தெரியவில்லை.

என் தகப்பனார் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த வலையைத் திண்ணையில் போட்டுவிட்டு, ஊசியில் நூலை ஏற்றி அண்ணன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். முதலில் அண்ணன் தொடவில்லை. பிறகு பொத்தினார், கண்ணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்தது. அப்பா எதுவும் சொல்லாமல் இரவில் அதை அவிழ்த்துவிட்டு மறுநாள் மீண்டும் வைத்தார். ஒரு வருடம் கழித்து ஒருநாள், வலையைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணி ஒரே அளவா விழுந்திருக்கு" என்றார். அன்றைக்குத்தான் அம்மா அழுதார். இதை எந்தத் தாளில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் மதிப்பீடு என்று ஒன்று நடந்திருந்தால் அதுதான்.

இன்னும் ஒன்று. இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துக் கடலுக்குப் போகின்றன. உங்கள் மருத்துவர் புதன்கிழமை வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்களில் முறை எப்படி என்று தெரியவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: எண்ணும் எழுத்தும்

பொதுச் சுகாதாரப் புள்ளியியலில் பணியாற்றுகிறேன். மேலே உள்ள இரண்டு பதில்களையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இருவரும் தொடாமல் விட்ட ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் 8 பேரின் மதிப்பெண் இறங்கியது உங்களால்தான் என்று எப்படித் தெரியும்? ஆள் மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் குடும்பம் அவரை உங்களிடம் அழைத்து வருகிறது. கடல் பெருக்கில் ஒருமுறை அளந்து, வற்றும்போது மறுமுறை அளந்துவிட்டு, நான் கல் போட்டதால்தான் நீர் இறங்கியது என்று சொல்வதைப் போன்றது இது. அதோடு, மருந்து மட்டுமே கொடுத்திருந்தாலும் பலருக்கு முதல் ஆறு மாதத்தில் குரல்கள் அடங்கியிருக்கும். உங்கள் அணி வீடு வீடாகப் போனதன் பலன் அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இதற்காக நீங்கள் சீட்டுக் குலுக்கி ஒரு பாதியினருக்குச் சேவையை மறுக்க வேண்டியதில்லை. அந்த வேலையைப் பெரிய ஆய்வுகள் செய்து முடித்துவிட்டன. 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, பத்துச் சோதனைகளில் பங்கேற்ற 2,176 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, தொடக்கநிலைச் சேவை வழக்கமான சிகிச்சையைவிட மேலானது என்று காட்டியிருக்கிறது. அறிகுறி, வேலை, மருத்துவமனையில் தங்குதல், இடைநிற்றல் என எடுத்துக்கொண்ட அத்தனையிலும் அதே முடிவு. ஆகவே இந்த மாதிரி பலன் தருமா என்பதை 11 பேரை வைத்து நிறுவ வேண்டாம். உங்களால் இயலவும் இயலாது. அந்த மாதிரியை உங்கள் கரையில் முறையாக நடத்துகிறீர்களா என்பதைக் காட்டினால் போதும். முதல் தகவல் கிடைத்து எத்தனை நாளில் வீட்டுக்குப் போனீர்கள், குடும்பத்தோடு எத்தனை முறை உட்கார்ந்து பேசினீர்கள், ஊசி மருந்து தேதி தவறியபோது யார் தேடிப் போனார்கள், உடல் எடையையும் சர்க்கரையையும் அளந்தீர்களா என்பவை பதிவேட்டில் இருந்தால் அவற்றை எழுதுங்கள். எடையை வலியுறுத்திச் சொல்கிறேன். ஓலன்சபின் என்ற மருந்தை எடுக்கும் இளைஞருக்குச் சில மாதங்களிலேயே பத்துக் கிலோ ஏறுவதுண்டு. அறிகுறி இறங்கிய தாளில் அதற்கு இடமே இருப்பதில்லை.

குடும்பத்தை நான் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் மனநல நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியலில் உள்ள சேவையும் ஒரே முறையைப் பின்பற்றி, முதல்முறை சைக்கோசிஸ் வந்தவர்களை இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தன. குரல், சந்தேகம் போன்ற அறிகுறிகள் இரு ஊர்களிலும் ஏறத்தாழ ஒரேபோலத் தணிந்தன. ஆனால் பாம்பன் சகோதரி எழுதியிருக்கிறாரே, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது, அந்த வகை அறிகுறிகளில் சென்னையில் நிலைமை மேலாக இருந்தது. குடும்பத்தார் சிகிச்சையோடு சேர்ந்து நின்றதும் சென்னையில்தான் அதிகம். உங்கள் பணியில் மிகவும் பலமான பகுதி அதுவாகவே இருக்கக்கூடும். நீங்களோ அதை அளக்கவே இல்லை.

சகோதரி சொன்ன கண்ணியைத் தாளில் எழுத வழி இருக்கிறது. ஒருவர் சேரும்போதே அவரையும் வீட்டாரையும் கேட்டு, அவர் திரும்பச் செய்ய விரும்பும் ஒரு வேலையை அவர்கள் சொல்லிலேயே எழுதி வையுங்கள். வலை பொத்துவது, பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போவது, கருவாட்டுக் கடையில் காசு வாங்கிப் போடுவது, எதுவானாலும் சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது நடக்கிறதா, பாதி நடக்கிறதா என்று கேளுங்கள். கடலுக்குப் போகிறவருக்கு அரைப் பங்கு தருகிறார்களா முழுப் பங்கு தருகிறார்களா என்று கேட்பது, என் கணக்கில், எந்த மேல்நாட்டு வினாத்தாளுக்கும் குறைந்ததன்று. ஒருவருடைய உழைப்பை ஊரே எடைபோட்டுச் சொல்லும் மதிப்பெண் அது.

நிதி தருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையையும் அறிக்கையில் சேருங்கள். டென்மார்க்கில் 547 பேரிடம் நடந்த ஓபஸ் ஆய்வில், இரண்டு ஆண்டுகள் சேவை நடந்தபோது தெளிவாகத் தெரிந்த பலன், சேவை தொடங்கி ஐந்தாம் ஆண்டில் பார்த்தபோது அறிகுறியிலும் செயல்திறனிலும் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தோர் குறைவு என்ற வித்தியாசம் மட்டும் மிஞ்சியது. இரண்டு ஆண்டு முடிந்ததும் உங்கள் 11 பேரும் எங்கே போவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாக, சதவீதம் போடாதீர்கள். 11 பேரில் 8 பேர் என்று எழுதுங்கள். சிறிய ஊர் என்பதால் வயது, ஊர், தொழில் மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து எழுதவும் வேண்டாம். பெயர் இல்லாவிட்டாலும் படிப்பவருக்கு ஆள் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: வலைக்கரை

மூவருக்கும் நன்றி. 11 பேரையும் ஒவ்வொரு வரியாக எழுதத் தொடங்கிவிட்டேன், சராசரியை எடுத்துவிட்டேன். ஏர்வாடியில் இருப்பவரை நேற்றுப் போய்ப் பார்த்தேன். அங்கே அவருக்கு மாத்திரை தொடர்கிறது, கட்டு எதுவும் இல்லை. போகச் சொல்லிக் கனவில் உத்தரவு வந்ததும் ஊருக்குத் திரும்புவோம் என்று அவருடைய தாயார் சொன்னார். அடுத்த மாத மருந்துக்கு என்னிடமே சீட்டையும் கொடுத்தனுப்பினார். அவரை 'இடைநின்றவர்' பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

பாம்பன் சகோதரி கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் 11 பேரில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் 4 பேர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலத்தின் 61 நாட்களில், மருத்துவர் வரும் புதன்கிழமை முகாம் ஒன்றைக்கூட அவர்கள் தவறவிடவில்லை. படகுகள் மீண்டும் கடலில் இறங்கியபிறகு வந்த புதன்கிழமைகளில்தான் நால்வருமே மாறி மாறித் தவறியிருக்கிறார்கள். அந்த இடங்களில் எல்லாம் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான். முகாமை வேறு நாளுக்கு மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிறு காலை வர முடியுமா என்று பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.